பின் சந்தில் மத்தியான விசில்

வீடு வீடாகப் போய் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள் நான்; அதற்கு "இல்லை" என்ற பதிலை வாங்குவது என்ன பாடு என்று, கதவு தட்டிப் பிழைக்கும் உங்களுக்குத் தெரியும். மயிலாப்பூரில் இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் அதே வீடுகள். பட்டினி கிடந்ததாகச் சொன்னவர் வீட்டுக்கு மளிகை போகும். வாய் சொன்னதைத்தான் எழுதவேண்டும், கண் பார்த்ததை எழுதக்கூடாது என்பது மேலிடத்துச் சட்டம்.

மூன்று விசில்

பின் சந்தில் ஜோஹரா வீடு. கணவர் தையல்காரர், ரெடிமேட் கடைகள் பெருகியபின் வேலை அபூர்வம். நான் உட்கார்ந்திருக்கும்போதே குக்கர் மூன்று விசில் அடித்தது. சோறு வேகும் மணம் துளிகூட இல்லை. ஜோஹரா மூடியைத் திறந்தபோது பார்த்தேன், உள்ளே வெறும் தண்ணீர். சாப்பிட்டாச்சு என்றே எழுதச் சொன்னார். ஏன் இப்படி என்றேன்.

"விசில் கேக்கலன்னா பக்கத்து வூட்டுல பாவம் பாப்பாங்கக்கா."

அடுத்த சுற்று

இம்முறை அடுப்பைப் பற்றவைத்தது மகள். ஜோஹரா திரைக்குப் பின்னால் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்; கூப்பிட்டால் பதில் இல்லை, மூச்சு மட்டும் கேட்டது. சந்தில் முஸ்லிம் வீடுகளும் அடுத்திருக்கும் தலித் வீடுகளும் போன தடவை போலவே இருந்தன. பின் சந்துக்கும் முன்தெருவுக்கும் நடுவிலுள்ள மதிலுக்கு முன்பக்கம்தான் மாடி மேல் மாடி ஏறியிருந்தது. விசில் அடங்கியதும் அந்தப் பெண் வெந்நீரை டம்ளரில் ஊற்றி ஆற்றினாள். உண்மையைச் சொல்லம்மா, மளிகை வரும் என்று கெஞ்சினேன். திரைக்குப் பின்னால் அம்மா படுத்திருந்த பக்கம் பார்த்துவிட்டு என் காதருகே வந்து சொன்னாள்:

"சாப்பிட்டாங்கன்னே போடுக்கா, அம்மி முழிச்சிக்கினுதான் கீது."

மாமியின் பட்டினி

அன்றே முன்தெருவில், மதிலை ஒட்டிய மாடி வீட்டு மாமி, ஓய்வுபெற்ற ஆசிரியை. ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்ததுண்டா என்று கேட்டேன். ஏகாதசிக்கு ஏகாதசி பட்டினிதான் என்று பெருமையாகச் சொன்னார். காரணம் எழுதத் தாளில் இடம் கிடையாது; ஆம் என்று குறித்தேன். அப்போது மதிலுக்கு அந்தப் பக்கம் மறுபடி விசில் அடித்தது. மாமி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஏம்மா, பின்னாடி ஆத்துல தினம் விசில் கேக்கறது, ஒரு நாளாவது வாசனை வரணுமோல்லியோ?"

ஆக, எங்கள் கணக்குப்படி மதிலின் இரண்டு பக்கத்திலும் சேர்த்துப் பட்டினி கிடப்பவர் மாமி ஒருவர்தான். மளிகைப் பை அவருக்கு ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கிறது.