பாம்புக்கடிக்கு நான் போட்ட மருந்து

அப்போது சேரன்மாதேவிப் பக்கத்தில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் நான் கம்பவுண்டராக இருந்தேன். டாக்டர் வெளியூர் போயிருந்த ஒரு முற்பகலில், நடவுக்காரி ஒருத்தியை மாட்டுவண்டியில் கொண்டுவந்தார்கள். வயலில் நாற்று நடும்போது வலது நடுவிரலில் பாம்பு கடித்திருந்தது. அவள் புருஷன் முழங்கைக்குக் கீழே துணியால் இறுக்கிக் கட்டியிருந்தான்.

"என்ன பாம்புன்னு தெரியல அண்ணாச்சி. நாத்துக்குள்ள ஓடிப் போயிட்டு" என்றான்.

இதற்கென்றே சிறிய மரக்குழல் ஒன்று எங்களிடம் இருந்தது. ஒரு முனையில் கத்தி, மறுமுனையில் பெர்மாங்கனேட் உப்பு. கடிவாயைக் கீறி உப்பைத் தேய்த்தால் விஷம் முறிந்துவிடும் என்று படித்திருந்தேன். செய்து பழக்கமில்லை.

"பைய வெட்டுங்கய்யா" என்றாள் அவள். நானோ பயத்தில் ஆழமாகவே வெட்டிவிட்டேன். உப்பைத் தேய்த்தபோது அவள் போட்ட சத்தத்தில் வெளியே மாடுகள் மிரண்டன.

சாயங்காலம் வரை அவள் கண்ணிமைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். விஷம் ஏறினால் இமைகள் சரிந்துவிடும் என்பார்கள். அவை சரியவில்லை. பொழுது சாயும்போது கஞ்சி கேட்டாள். புருஷன் என் காலில் விழுந்தான். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

புண் ஆற இரண்டு மாதமானது. விரல் விறைத்துப்போய் மடங்கவில்லை. நாற்றைப் பிடிக்க முடியாமல் களை பறிக்கப் போனாள். ஆனாலும் அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் எனக்கு வெள்ளரிக்காய் கொண்டுவருவாள்.

சில வருஷங்கள் கழித்துப் புதிதாக வந்த டாக்டர் அந்த மரக்குழலைப் பார்த்துச் சிரித்தார். "கண்ணாடிக் கிண்ணத்துல கலந்து பாத்தாத்தான் வே இந்த உப்பு விஷத்தை முறிக்கும். உடம்புக்குள்ள போன விஷத்தை எட்டாது. சதையைத்தான் பொசுக்கும்."

"நான் மருந்து போட்டவ பிழைச்சாளே?"

"அவ உடம்புல விஷமே ஏறியிருக்காது. மருந்தே போடலன்னாலும் பிழைச்சிருப்பா."

அவளிடம் இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் அடுத்த முறை அவள் வெள்ளரிக்காயை நீட்டியபோது வாங்கிக்கொள்ளக் கை வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் விரலைத் தடவிக்கொண்டே கேட்டாள்: "அன்னைக்கு இது உங்களுக்குத் தெரியுமாய்யா?"

"தெரியாது தாயி."

காய்களை மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். வெகுநாள் அந்தப் பக்கமே வரவில்லை. பிறகு மகளுக்குக் காய்ச்சல் என்று வந்தாள். நான் மருந்துப் பாட்டிலைக் கொடுத்ததும், "இது கேக்கும்னு நிச்சயமாத் தெரியுமா?" என்றாள்.

"முக்கால்வாசிப் பேருக்குக் கேக்குது. உம் மகளுக்குக் கேக்குமான்னு மூணு நாள் பாத்துத்தான் சொல்லணும்" என்றேன்.

தலையாட்டிவிட்டுப் பாட்டிலை வாங்கி மடியில் கட்டிக்கொண்டாள்.