மூச்செடுத்த இடத்தில் முடிந்த ஏலம்

மீன் ஏலம் கூறுபவனுக்குக் கைமுதல் என்று இருப்பது தொண்டைக்குள் போய்வரும் காற்று மட்டுந்தான்; கொரோனா போகும்போது அதில் பாதியைக் கொண்டுபோய்விட்டது. காய்ச்சல் மாறி மாதக்கணக்காகியும் படி ஏறினால் மூச்சு இளைக்கிறவர்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

கருணை உள்ளம்

எங்கள் கரையில் கூறுபவன் வாய் ஓய்ந்தால், கடைசியாக விலை கேட்டவருக்கு மீன். ஆகவே நான் மூச்செடுக்க நின்ற இடமெல்லாம் ஏலம் முடிந்த இடமாயிற்று. ஒரு கூடை பாரை பாதி விலைக்குப் போனது. அள்ளியவர் சிவம், தம்பலகாமத்துக்கு மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுபோகும் வியாபாரி. என் உடம்பில் அவருக்குத்தான் எவ்வளவு அக்கறை!

"ஆறுதலா மூச்செடுங்கோ அண்ணை. எங்களுக்கு ஒரு அவசரமும் இல்லை."

இலவச ஆலோசனை

அந்த நேரம் கொரோனாத் தடுப்பூசி வந்தது. போட்டால் மூச்சு திரும்பும் என்றார்கள் மீன் பிடித்து விற்கும் வள்ளக்காரர்கள். இருக்கிற மூச்சும் நின்றுவிடும் என்றார்கள் மீன் வாங்குபவர்கள். மருத்துவ அறிவு இவ்வளவு நேர்கோட்டில் பிரிந்து நின்றதை நான் கண்டதில்லை. யாரை நம்புவது? என் உடம்பிலேயே எனக்கு நம்பிக்கையில்லை. பாரையைப் பறிகொடுத்த வள்ளக்காரர் ரஹீம் நானா என் யோசனையை முடித்துவைத்தார்.

"ஊசியப் போட்டுட்டு வாங்க. இல்லாட்டி கூறுறதுக்கு நான் வேற ஆளப் பார்க்கணும்."

டொக்டரின் உறுதிமொழி

"மூச்சு திரும்புமோ?" என்று ஆஸ்பத்திரியில் கேட்டேன். கிடைத்தது நான் கேட்டதிலேயே நேர்மையான பதில். அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய ஏலாது என்பதுதான் குறை. ஊசிக்குக் கையை நீட்டினேன்.

"சிலருக்கு இளைப்புக் குறையுது, சிலருக்கு அப்பிடியே கிடக்கு, சிலருக்குக் கூடுது. திரும்பக் கொரோனா வந்தால் சண்டை பிடிக்க உடம்பு பழகியிருக்கும். மூச்சுக்கு நான் வாக்குத் தரமாட்டன்."

பக்கவிளைவு

ஊசிக் காய்ச்சலில் கிடந்து எழும்பினேன். சில கிழமைகள் போனபின் ஒரு காலை, சூரைக் கூடை ஒன்றை எங்கும் நிற்காமல் கூறி முடித்தேன். ஊசியா, கடந்துபோன காலமா, நானாவின் மிரட்டலா? இன்றுவரை தெரியாது. அடுத்த கூடைக்கு உட்காரக் கதிரை தேடினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சூரையை முழு விலை கொடுத்து வாங்கிய சிவம், பெட்டியைக் கட்டியபடி கவலையோடு என்னைப் பார்த்தார்.

"அண்ணை, அந்த ஊசியில ஏதோ பிழை இருக்கு. நல்ல டொக்டர் ஒருத்தரிட்டக் காட்டுங்கோ."

என் நெஞ்சுக்கு எது நல்லது என்று எனக்கோ டொக்டருக்கோ இன்னும் திடமாகத் தெரியாது. தெரிந்தவர்கள் எல்லோரும் மீன் வாங்கவும் விற்கவும் போய்விட்டார்கள்.