கடலுக்கடியில் கொட்டிய அருவி

அந்தப் படகில் நான் இருந்தேன். என் தங்கை செல்விக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளை கொம்பையா இருந்தான். எங்களைக் கடலுக்குள் இறக்கிக் கூட்டிப்போக வந்த தாமஸ், ஒரு கேமராக்காரர், படகோட்டி, அவ்வளவுதான். செல்வி அங்கே இல்லை. அதே காலையில் அவள் அம்மாவோடு குற்றாலம் மெயினருவியில் குளிக்கப் போயிருந்தாள். நாங்கள் இருந்தது அந்தமானில், ஹேவ்லாக் தீவுக்குப் பக்கத்தில். யார் எங்கே இருந்தார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கேட்டு முடித்ததும் நீங்கள் அதைத்தான் தோண்டுவீர்கள், உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் தோண்டுவேன்.

பேய், ஆவி, சகுனம் என்று பேசுகிறவர்களைக் கண்டாலே எனக்கு இளக்காரம். தென்காசியில் ஒரு தனியார் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். முச்சந்தியில் கழித்துப்போட்ட எலுமிச்சம்பழத்தை எடுத்துக் கழுவி ஜூஸ் போட்டுக் குடித்தவன். அப்பா பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார், அம்மா பீடி சுற்றுகிறாள், எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். படித்தவன் இதையெல்லாம் நம்பினால் படித்ததற்கு என்ன அர்த்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தவன்தான் இப்போது உங்களிடம் இதைச் சொல்கிறேன்.

கொம்பையாவுக்கு வடகரை. தென்னந்தோப்பு, வயல், பெரிய வீடு. அவன் பார்க்கும் வேலை, தன்னைத்தானே வீடியோ எடுத்து இன்ஸ்டாகிராமில் போடுவது. செல்விக்கு அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை நிரந்தரமான பிறகுதான் அவர்களுக்கு எங்கள் தெரு எங்கே இருக்கிறது என்று தெரிந்தது. கல்யாணத்துக்கு முன்னால் அவளை அந்தமான் கூட்டிப்போய்ச் சுறாவோடு நீந்தி வீடியோ எடுக்க வேண்டும் என்று நின்றான். தாலி ஏறாமல் அனுப்ப மாட்டேன் என்று அப்பா சொல்ல, "அப்ப மச்சானக் கூட்டிட்டுப் போறேன் மாமா, செலவெல்லாம் நம்ம பாடு" என்று பெருந்தன்மை காட்டினான்.

கிளம்பும்போது அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஏலே, கூடவே தங்கப் போற. ஆளு எப்படின்னு பாத்துட்டு வா. நீ சரின்னா வர்ற முகூர்த்தத்துல நிச்சயத்த வச்சிருவோம். வேண்டாம்னா விட்டுருவோம். எனக்கு மனுசனப் பாத்துப் படிக்கத் தெரியாது, ஒனக்குத் தெரியும்."

தங்கையின் வாழ்க்கை என்பதால், என் இளக்காரத்தை ஓரமாக வைத்துவிட்டு நியாயமாகவே பார்த்தேன். கப்பலில் வாந்தி எடுத்த கிழவரைப் பார்த்து முகம் சுளித்தான், ஓட்டலில் தட்டு எடுத்தவரை ஏக வசனத்தில் அழைத்தான். பணக்கார வீட்டுப் பையன், கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்றுகூட ஒரு கணக்குப் போட்டேன். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

டைவிங் அன்று நாங்கள் செய்த முதல் காரியம் உலகத்தில் எங்கள் ஊர்க்காரன் மட்டும்தான் செய்வான். மிளகு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயை செல்வி ஒரு பாட்டிலில் கொடுத்துவிட்டிருந்தாள். அருவியோ கடலோ, குற்றாலத்துப் பக்கத்து ஆளுக்குத் தண்ணீர் என்றால் முதலில் எண்ணெய். ரெண்டு பேரும் உச்சி முதல் உள்ளங்கால் வரை பளபளவென்று தேய்த்துக்கொண்டு படகில் ஏறினோம்.

தாமஸ் அந்தமானிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். எங்களைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். "என்னப்பா இது, வடை சுடவா போறோம்? மூஞ்சில எண்ணெய் இருந்தா மாஸ்க் ஒட்டாது. தண்ணி உள்ள வரும்."

"நாங்க அருவில குளிக்கிற ஆளுக அண்ணாச்சி" என்றான் கொம்பையா. "எண்ணெ இல்லாம தலைய நனைச்சா சளி புடிச்சிரும்."

சோப்புப் போட்டு முகத்தைத் தேய்க்க வைத்தார். ஆகவே என் மாஸ்க்குக்குள் தண்ணீர் வந்தது எண்ணெய்ப் பிசுக்கால்தான் என்று நீங்கள் சொல்லலாம். தாராளமாகச் சொல்லுங்கள், நானும் ரொம்ப நாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். எந்தத் தண்ணீர் வந்தது என்பதுதான் விஷயம்.

கொம்பையாவைக் கேமராக்காரர் பிடித்துக்கொண்டார், என்னைத் தாமஸ். கீழே ஒரு பாறை, அதன் நிழலில் வெள்ளை மணலில் மூன்று சுறாக்கள் படுத்துக் கிடந்தன. சினிமாவில் காட்டும் பல்லும் ரத்தமும் ஒன்றும் இல்லை, மதியச் சாப்பாட்டுக்குப் பின் தாலுகா ஆபீஸில் உட்கார்ந்திருப்பவர்களின் முகம். கொம்பையா அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், கேமராவைப் பார்த்துச் சிரித்துக் கட்டைவிரலை உயர்த்தினான். தண்ணீருக்குள் கட்டைவிரலை உயர்த்தினால் மேலே போக வேண்டும் என்று அர்த்தம், கரையிலேயே படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். கேமராக்காரர் பாவம், உடனே அவனை மேலே தூக்கிக்கொண்டு போய்விட்டார். நானும் தாமஸும் சுறாக்களும் மட்டும் மிஞ்சினோம்.

அப்போதுதான் என் உச்சந்தலையில் அருவி விழுந்தது.

வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நீரோட்டம், அழுத்தம், காதடைப்பு எல்லாவற்றையும் நானே பலகையில் எழுதிப் போட்டு நடத்தியிருக்கிறேன், இது அதில் எதுவும் இல்லை. மெயினருவியில் தண்ணீர் கூடுதலாக விழும் நாளில் உள்ளே நுழைந்தால் கழுத்து உள்ளே இறங்கும், தோள் இரண்டிலும் யாரோ மொத்துவது போலிருக்கும், காதுக்குள் இரைச்சல் தவிர ஒன்றும் இருக்காது. சின்ன வயதிலிருந்து நின்ற அருவி எனக்குத் தெரியாதா. வெதுவெதுப்பான கடலுக்குள் உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. மாஸ்க்குக்குள் தண்ணீர் ஏறியது, சிவப்பாக. வாயோரம் கசிந்து நாக்கில் பட்டது. உப்பு இல்லை. மழைக்குப் பிந்தைய காட்டுத் தண்ணீர், மண்ணும் அழுகின இலையும் சேர்ந்த ருசி.

படுத்திருந்த மூன்றும் எழுந்தன. என்னை ஒரு சுற்றுச் சுற்றின. பிறகு ஆழத்துக்குப் போகவில்லை, என் தலைக்கு நேர் மேலே, எங்கிருந்து அந்தப் பாரம் விழுந்ததோ அங்கே போயின. அதற்குப் பிறகு அவற்றைக் காணவில்லை. பாரமும் நின்றுவிட்டது.

மேலே வந்து படகில் ஏறியதும் கொம்பையா சிரித்தான். "என்ன மச்சான், சுறாவப் பாத்து மோண்டுட்டியா?"

தாமஸ் சிரிக்கவில்லை. என் மாஸ்க்கைக் கவிழ்த்து, உள்ளே ஒட்டியிருந்த செம்மண்ணை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். "இங்க இந்த மண்ணே கிடையாது தம்பி. எல்லாம் வெள்ளை. எனக்கு ஒண்ணும் தெரியல, நீ மட்டும் யாரோ மேல ஊத்துற மாதிரி தோளைக் குறுக்கிக்கிட்ட. அதுங்க பகல்ல எழும்பாது. எதுக்கு மேல போச்சுன்னு தெரியல."

நான் போனைத் தேடினேன். கரை கண்ணுக்குத் தெரியும் தூரம், கொஞ்சம் சிக்னல் இருந்தது. அப்பா எடுத்தார். "ஏலே, ஒங்கம்மா போன் போட்டா, அருவில வெள்ளம் வந்துட்டாம். எல்லாரும் ஓடுதாவளாம். செல்வியக் காணும்லே. ஒங்கம்மா தேடிட்டுக் கெடக்கா." அதோடு தொடர்பு அறுந்துவிட்டது.

கரைக்கு விடச் சொன்னேன். படகோட்டி கொம்பையாவைப் பார்த்தான், காசு கொடுத்தவன் அவன்தானே. கொம்பையா காலில் ரப்பர் நீச்சல் துடுப்பை மாட்டிக்கொண்டே சொன்னான்.

"கார்த்திகைன்னா அருவில வெள்ளம் வரத்தான் செய்யும். எங்கயாவது ஒதுங்கி நிப்பா. இப்ப கரைக்குப் போயி என்ன செய்யப் போற, குற்றாலத்துக்கு நீந்திப் போயா தூக்கப் போற? இன்னும் ஒரு டைவ் இருக்கு. சுறாவப் பாக்காம ஊருக்குப் போனா எவன் மதிப்பான்?"

தர்க்கமாகப் பார்த்தால் அவன் சொன்னது சரி. அங்கே இருந்துகொண்டு என்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது. தர்க்கம் இவ்வளவு அசிங்கமாக இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. அவளைக் கட்டிக்கொள்ளப் போகிறவன் கேமராக்காரரைக் கூட்டிக்கொண்டு, முதுகைக் காட்டிக் கடலில் குதித்தான். தாமஸ் இறங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். செல்வி இருக்கிறாளா இல்லையா என்று தெரியாமல் நான் போனைத் தட்டிக்கொண்டே இருந்தேன்.

கடைசியில் அம்மாதான் பேசினாள். "கெடைச்சிட்டா. உசுரோட இருக்கா." கொம்பையா மேலே வந்தபோது முகம் செத்துப் போயிருந்தது. சுறா ஒன்றுகூட வரவில்லையாம், கடல் அட்டை ஒன்றைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறான். அன்று சாயங்காலம் அவன் ஸ்டேட்டஸில் ஒரு சுறா நீந்தியது, எவன் எடுத்ததோ.

வீட்டுக்கு வந்ததும் செல்வியிடம் கேட்டேன். பெண்கள் பக்கம் நின்றவளை வெள்ளம் அடித்துக்கொண்டு போயிருக்கிறது.

"மூச்சு முட்டிட்டுண்ணே. அப்ப என்னமோ வந்து விலாவுல இடிச்சுச்சு. இடிச்சு, தள்ளி, படிக்கட்டோரம் கொண்டு போட்டுச்சு. கை இல்ல. உப்புத்தாள் மாதிரி சொரசொரன்னு இருந்துச்சு."

"பாறையா இருக்கும்."

"அருவிப் பாறையில எங்கண்ணே சொரசொரப்பு இருக்கு, அது வழுக்குதுல்லா" என்றாள். பிறகு, "சேதி தெரிஞ்சதும் அவுக படகத் திருப்பச் சொன்னாவளா?"

"இல்ல."

"அப்ப சரி" என்றாள். அதோடு அந்தச் சம்பந்தம் முடிந்தது. அப்பா என்னிடம் காரணம் கேட்டார், படகில் நடந்ததை மட்டும் சொன்னேன், கடலுக்கடியில் நடந்ததைச் சொல்லவில்லை. செல்விக்கும் இன்றுவரை சொல்லவில்லை.

அது உரசியதில் அவள் இடது கையில் விழுந்த சிராய்ப்பு ஆறித் தழும்பாகிவிட்டது. போன வாரம் டூட்டி முடிந்து வந்தவள் என் விரலைப் பிடித்து அதன் மேல் வைத்தாள். "இப்படித் தடவிப் பாருண்ணே." தோளிலிருந்து கீழே தடவினால் வழுவழுவென்று போகிறது. கீழேயிருந்து மேலே தடவினால் விரல் சிக்குகிறது. இப்படித் தழும்பு இருக்குமா என்று தனக்குத் தெரிந்த டாக்டர்களிடமெல்லாம் கேட்டிருக்கிறாள், நர்ஸ்தானே. யாருக்கும் தெரியவில்லை. சுறாவின் தோல் அப்படித்தான் இருக்கும் என்று நான் பிறகு படித்தேன். படித்ததிலிருந்து அவள் கை என் மேல் பட்டால் விலகி உட்காருகிறேன், அவளும் அதைக் கவனிக்கிறாள்.

வடகரைக்காரர்கள் பெருந்தன்மையைத் திரும்பக் கேட்டார்கள். என் விமானம், கப்பல், அறை, சாப்பாடு, நான் இறங்கிய டைவ், நான் இறங்காத டைவ், எல்லாம் சேர்த்து. அப்பா மார்க்கெட்டில் முன்பணம் வாங்கிக்கொண்டுபோய், அவர்கள் வீட்டு வாசலில் நின்றபடியே கொடுத்துவிட்டு வந்தார். நாற்பத்து மூவாயிரத்து அறுநூறு ரூபாய்.