ரூபன் ஹார்ஜு வீட்டுக்குப் போன அழைப்புகள்

மேவிஸ் கோஸ்கிக்கு வீட்டில் போன் பேசவே பிடிக்காது. "பகல் பூரா அதைத்தானே செய்யறேன்" என்பாள். கணவன் அவளையும் கைக்குழந்தைகளையும் விட்டுவிட்டு விஸ்கான்சினுக்குப் போன வருடம், ஹான்காக் ஊரில் பெல்லோ ஹீட்டிங் கடையின் முன்மேஜையில் வந்து உட்கார்ந்தவள் அவள். குழந்தைகள் வளர்ந்து ஊரைவிட்டே போன பிறகும் எழுந்திருக்கவில்லை. ஹீட்டர் நின்றுபோன வீட்டிலிருந்து யாராவது பதறிக்கொண்டு கூப்பிட்டால், "ஆள் கிளம்பியாச்சு, இன்னொரு ஸ்வெட்டரைப் போட்டுக்கிட்டு உக்காருங்க" என்பாள். ஆள் அப்போது அவளுக்கு எதிரில்தான் காபி குடித்துக்கொண்டிருப்பான். ஆனாலும் அந்தக் குரலைக் கேட்டதுமே பாதிக் குளிர் விட்டதுபோல் இருக்கும் ஜனங்களுக்கு.

பெரியவர் பெல்லோ கண்ணை மூடியதும் கடை மகன் கர்ட்டின் கைக்கு வந்தது. ஜனவரி பிறந்ததும் பிறக்காததுமாக அவன் ஒரு விற்பனைக்காரன் பேச்சில் மயங்கி, பழைய போன் இணைப்பைத் துண்டித்துவிட்டான்.

"இனிமே எல்லாம் இண்டர்நெட் வழியாத்தான் மேவிஸ். பிரமாதமா இருக்கும் பாருங்க."

"பனிப்புயல் அடிச்சா இண்டர்நெட் படுத்துடுமே?"

"படுத்தா கால் எல்லாம் தானாவே கடை செல்போனுக்குத் திரும்பிடும். கம்பெனிக்காரங்களே நம்பர் போட்டு வச்சிட்டாங்க."

முதல் நாளே அவள் பேசியது அவள் காதுக்கே திரும்பி வந்தது. சில நேரம் அவள் பேசுவது அந்தப் பக்கம் கேட்கும், அவர்கள் பேசுவது இவளுக்குக் கேட்காது. போதாக்குறைக்கு, யார் கூப்பிட்டாலும் முதலில் பதிவு செய்த ஒரு பெண்குரல் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று வழிகாட்டியது. "உன்னை வேலையை விட்டு எடுத்துட்டாங்களா மேவிஸ்?" என்று கடைத்தெருவில் நிறுத்திக் கேட்டார்கள். அவள் கர்ட்டிடம் புலம்பினாள். "பழகிடும்" என்று சொல்லிவிட்டு அவன் மனைவியோடு கப்பலில் கரீபியன் பக்கம் போய்விட்டான்.

அவன் போன கையோடு புயல் வந்தது. காலையில் கடை இண்டர்நெட் செத்துக் கிடந்தது. மேஜைபோன் ஊமையாக இருந்தது சரி, கடை செல்போனுமா ஊமையாக இருக்கும்? வெளியே மூச்சுவிட்டால் மீசையில் ஐஸ் கட்டுகிற குளிர். இப்படிப்பட்ட நாளில் மூச்சுவிட நேரமிருக்காது அவளுக்கு.

பத்து மணிவாக்கில் மெக்கானிக் டுவேன் உள்ளே வந்தான். "எங்க அத்தை கடைக்குப் போன் போட்டாங்களாம். யாரோ கிழவர் எடுத்து, வாய்க்கு வந்தபடி திட்டினாராம்."

மேவிஸ் தன் சொந்த செல்போனிலிருந்து கடை எண்ணைக் கூப்பிட்டாள்.

"இது பெல்லோ ஹீட்டிங் இல்லேன்னு எத்தனை தடவை சொல்றது!" என்று ஒருவர் கத்தினார்.

"ஐயா, நான்தான் பெல்லோ ஹீட்டிங்."

"அப்ப உன்னைத்தாம்மா தேடிக்கிட்டிருக்கேன். விடிஞ்சதிலேர்ந்து பல் தேய்க்க விடலை உன் ஜனங்க."

அவர் பெயர் ரூபன் ஹார்ஜு. குன்றுமேல் தனியாக இருப்பவர், பள்ளி பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் எண்ணைக் கேட்டதும் விஷயம் விளங்கியது. கடை செல்போனுக்கும் அவர் வீட்டுப் போனுக்கும் கடைசி இலக்கம் மட்டும்தான் வித்தியாசம். கம்பெனியில் எவனோ தப்பாகத் தட்டியிருக்கிறான்.

"கூப்பிடறவங்ககிட்ட என் செல் நம்பரைச் சொல்லுங்களேன் ஐயா."

"நான் என்ன உன் ஆபரேட்டரா? ரிசீவரைக் கழட்டிக் கீழ வைக்கப் போறேன்."

"வேண்டாம், கெஞ்சிக் கேக்கறேன், கழட்டாதீங்க!"

அடுத்து போன் கம்பெனியின் உதவி எண். காத்திருப்பு இசை ஓடி ஓடி, கடைசியில் ஒரு பையன் வந்தான்.

"கணக்கு கர்ட் பெல்லோ பேர்ல இருக்கு மேடம். அவர் சொன்னாத்தான் நம்பரை மாத்த முடியும்."

"அவர் நடுக்கடல்ல இருக்கார்."

"ஒரு இமெயில் அனுப்பினாக்கூடப் போதும் மேடம்."

"தப்புப் பண்ணினது நீங்க! இங்க ஜனங்க விறைச்சிக்கிட்டிருக்காங்க."

"உங்க சிரமம் எங்களுக்குப் புரியுது மேடம்."

"உங்க ஊர்ல இப்ப என்ன, வெயிலா?"

பையன் தயங்கினான். "நல்ல வெயில் மேடம்."

மேவிஸ் போனை வைத்துவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு, மதியத்துக்கு வைத்திருந்த, இறைச்சி அடைத்துச் சுட்ட பாஸ்டியையும் எடுத்துக்கொண்டு குன்றேறினாள். கதவைத் திறந்த ரூபன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பின்னால் சமையலறைச் சுவரில் போன் அலறிக்கொண்டிருந்தது. அவள் பூட்ஸைக் கழற்றியும் கழற்றாமலும் ஓடிப்போய் எடுத்தாள்.

"பெல்லோ ஹீட்டிங், மேவிஸ் பேசறேன்."

"அப்பாடா!" என்று ஒரு பெண் அழுதேவிட்டாள். அவள் வீட்டில் பிறந்து சில நாளே ஆன குழந்தை. மேவிஸ் முதலில் அங்கேதான் டுவேனை அனுப்பினாள்.

அன்று பொழுது சாயும்வரை அந்தச் சமையலறைதான் கடை. ஒரு கையில் சுவர்ப்போன், மறு கையில் டுவேனோடு பேசச் செல்போன். அவள் பாஸ்டியை வாயில் வைத்த நேரம் மணி அடித்தது. ரூபனே எடுத்தார். "பெல்லோ ஹீட்டிங். உங்களுக்கு என்ன கேடு?" என்றார். அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

மறுநாள் இண்டர்நெட் உயிர்த்தது. கப்பல் பயணம் முடிந்து கர்ட் தோல் சிவக்க வெயில் காய்ந்து திரும்பினான். மேவிஸ் எதிரில் போய் நின்றாள்.

"அந்தக் கணக்குல என் பேரையும் சேரு. அந்தப் பொம்பளைக் குரலை எடு. இல்லேன்னா அவளையே மேஜைல உக்கார வச்சுக்கோ."

"பேரைச் சேக்கறேன், குரலையும் எடுக்கறேன். ஆனா சிஸ்டம் போகாது மேவிஸ். மூணு வருஷ ஒப்பந்தம்."

அவனோடு மல்லுக்கட்டி என்ன பயன்? அவள் மனத்தை அறுத்தது வேறொன்று. தெர்வோ அம்மாள், பெரியவர் காலத்து வாடிக்கை, அந்தக் காலை மூன்று தடவை கூப்பிட்டு, மூன்று தடவையும் ரூபனிடம் திட்டு வாங்கியிருக்கிறாள். ஹீட்டர் இல்லாமல் தண்ணீர் உறைந்து, குழாய்கள் வெடித்துக் கீழ்த்தளம் முழுக்க வெள்ளம்.

ஞாயிற்றுக்கிழமை மேவிஸ் மன்னிப்புக் கேட்கப் போனாள். தெர்வோ அம்மாள் உட்காரச் சொன்னாள், காபி ஊற்றினாள்.

"நீ எடுப்பேன்னு நினைச்சேன், மேவிஸ்."

கீழே, ஆற்றுப் பாலத்துக்கு அப்பால் பக்கத்து ஊரிலிருந்து வந்த வேறு கடைக்காரன் பொருத்திவிட்டுப் போன புது ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. மேவிஸ் காபியைக் குடித்து முடித்து, கோப்பையைத் தானே கழுவி வைத்துவிட்டுப் புறப்பட்டாள்.