ரோஸ் குளிசையும் வெள்ளக் குளிசையும்

பாமசியில வேல செய்யிறதுன்னா, சனங்க மருந்துச் செலவக் கொறைக்கக் கண்டுபுடிக்கிற ஒவ்வொரு வழியையும் வாய மூடிக்கிட்டுப் பாத்துக்கிட்டு நிக்கிறதுதான். எனக்கு வாய மூட வராது. நான் படிக்கிற கெம்பஸ் மூடிக் கெடந்த மூனு மாசம் பதுளை டவுன்ல ஒரு பாமசியில நின்னேன். டொக்டர் எழுதுன துண்ட நீட்டி, வெலயக் கேட்டுட்டு, "அப்ப பாதி மட்டும் தாங்க"ன்னு சொல்லியிருக்கீங்கல்ல, ஒங்களுக்குத்தான் இதச் சொல்றேன்.

அஞ்சு குளிசை

மேரியக்கா லுணுகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துல கொழுந்து எடுக்குறவங்க. பிரசருக்கு ஒரு மாச மாத்திரை எழுதுன துண்டக் குடுத்து, "அஞ்சு குளிசை போதும் மிஸ்"னாங்க. ஆஸ்பத்திரி கிளினிக்ல சும்மா குடுப்பாங்களேன்னு கேட்டேன். கிளினிக்குக்குப் போனா அன்னைக்குப் பேரு விழாதாம், அதாவது ஒரு நாள் சம்பளம் போச்சு. போன தடவ அதையும் விட்டுட்டுப் போயி மத்தியானம் வரைக்கும் வரிசையில நின்னா, மருந்து முடிஞ்சிருச்சு, வெளியில வாங்குங்கன்னு அனுப்பிட்டாங்களாம். அதான் வேல முடிஞ்சு பிரைவட் டொக்டர்கிட்ட ஓடுறாங்க.

அஞ்சு குளிசை எத்தன நாளைக்குக் காணும்னேன். பத்து நாளைக்காம். மழையில அரப்பேரு விழுற அன்னைக்கு அரக் குளிசை. வேல இல்லாத அன்னைக்கு ஒண்ணுமே இல்ல. எனக்கு மண்டைக்கு ஏறிருச்சு. "பிரசருக்கு லீவு கெடையாதுக்கா, தெனமும் போடணும்"னு கடையே திரும்பிப் பாக்குற மாதிரி கத்துனேன். அக்கா அலட்டிக்கவே இல்ல. "சும்மா குந்தியிருக்குற நாளைக்கு எதுக்கு மிஸ் பிரசரு ஏறப் போவுது? ஒங்கள மாதிரி கத்துனாத்தானே ஏறும்."

கீழ்த் தட்டு

டொக்டர் எழுதியிருந்தது பெரிய கொம்பனிக் குளிசை. அதே மருந்து, அதே அளவு, வேற கொம்பனி செஞ்சது, கீழ்த் தட்டுல ஒரு மொட்ட வெள்ளப் பெட்டியில கெடந்துச்சு. வெல நாலுல ஒரு பங்குதான். எனக்கு எப்படித் தெரியும்னா, எங்க முதலாளி தெனமும் காலையில தன்னோட பிரசருக்கு அந்தப் பெட்டியிலதான் கை விடுவாரு. அவருதான் கடையோட பாமசிஸ்டும். மேரியக்கா முன்னாடியே கேட்டேன், "சேர், இதுவும் அதுவும் ஒண்ணுதானே? அப்ப இதயே குடுக்கலாமே?" பல்லப் புடுங்குன மாதிரி "ஒண்ணுதான்"னாரு. அக்கா ஒரு மாசத்துக்கும் சேத்து, பத்துப் பத்துக் குளிசையா மூனு கார்ட் வாங்கிட்டுப் போனாங்க. நான் செயிச்சிட்டேன்னு நெஞ்ச நிமித்திக்கிட்டு நின்னேன்.

அவங்க படி எறங்குனதும் ஆரம்பிச்சாரு. இப்படியே போனா கடைய மூடிட்டு ரெண்டு பேரும் கொழுந்து எடுக்கத்தான் போகணுமாம். நீங்க மட்டும் ஏன் சேர் அதப் போடுறீங்கன்னு நேராவே கேட்டேன். கொஞ்சம்கூட வெக்கப்படாமச் சொன்னாரு: "நான் பெட்டியையா புள்ள முழுங்குறேன்? எனக்கு உள்ள இருக்குறது தெரியும். வாங்குறவனுக்குப் பெட்டிதான் தெரியும்."

கார்ல வந்தவரு

முதலாளி சொன்னது பொய்யின்னு காட்டணும்னு, அடுத்த நாளு கார்ல வந்து எறங்குன ஒரு ஐயாகிட்ட அதே வெள்ளப் பெட்டிய எடுத்து வச்சேன். அதே மருந்துங்க, வெல கொறைவுங்கன்னு பணிவாத்தான் சொன்னேன், சத்தியமா. ஒரு வெரலால பெட்டியத் தள்ளி விட்டாரு. முதலாளி அந்தப் பக்கம் திரும்பிச் சிரிச்சாரு. "இதெல்லாம் தோட்டத்து ஆளுங்களுக்குக் குடுக்குறது தங்கச்சி. எனக்கு மருந்து தாங்க"ன்னாரு அந்த ஐயா.

மூனு கார்டும் அப்படியே

மூனு வாரம் கழிச்சு மேரியக்கா சொவரப் புடிச்சுக்கிட்டு உள்ள வந்தாங்க. மலையில தல சுத்தி, கூடையோட சரிஞ்சிட்டாங்களாம். முதலாளி ஒக்கார வச்சு பிரசர் பாத்தாரு. நம்பரச் சத்தமாச் சொல்லல. "ஒடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கம்மா"ன்னு த்ரீவீலக் கூப்புட்டு, காசையும் அவரே குடுத்தாரு. அந்த ஆள முழுசாத் திட்டவும் விட மாட்டேங்குறாரு பாருங்க.

த்ரீவீல் வர்ற வரைக்கும் அக்கா பையத் தொறந்து காட்டுனாங்க. மூனு கார்டும் அப்படியே இருக்கு, ஒண்ணுகூட ஒடைக்கல. முந்திப் போட்டது ரோஸ் கலரு, இது வெள்ள. தோட்டத்து டிஸ்பென்சரியில காய்ச்சல்னாலும் இடுப்பு வலின்னாலும் குடுக்குறது ஒரே வெள்ளக் குளிசைதான். நான் கொறஞ்ச காசுக்குத் தக்கன அதையே தூக்கிக் குடுத்துட்டேன்னு நெனச்சிருக்காங்க. "கலர்தான்க்கா வேற, மருந்து ஒண்ணு. அன்னைக்கே கேட்டிருக்கலாமே?"ன்னேன். என் கோவம் மூக்கு நுனியிலயே நிக்கிது. அக்கா மூச்சு வாங்கிட்டுச் சொன்னாங்க: "நீங்க எங்க மிஸ் என்கூட பேசுனீங்க? ஒங்க முதலாளிகூடத்தானே சண்ட போட்டுக்கிட்டிருந்தீங்க."

முழுங்குறவங்க

நாலு நாள் வார்ட்டுல கெடந்து வீட்டுக்குப் போனாங்க. நான் கெம்பஸுக்குத் திரும்புற வாரம் ஒரு நாள் கடைக்கு வந்தாங்க. மொகம் தெளிஞ்சிருந்துச்சு. பையில இருந்து மூனு வெறுங் கார்ட எடுத்து மேசையில வச்சாங்க. முப்பது குழியும் ஓட்டையாத்தான் இருந்துச்சு, வேல இல்லாத நாளையும் விடல, நான் எண்ணிப் பாத்தேன். பக்கத்துல புதுத் துண்டு. அதுல கொம்பனிப் பேரு இல்ல, மருந்தோட பேருதான் இருந்துச்சு.

பிரைவட் டொக்டர் எப்படி இத எழுதுனாருன்னு கேட்டேன். வெறுங் கார்டக் காட்டி, இதயே எழுதுங்கன்னு அக்காதான் கேட்டிருக்காங்க. "நீ டொக்டரா, நான் டொக்டரா?"ன்னு அவரு பாஞ்சாராம். அக்கா எந்திரிக்கவே இல்லயாம். "நீங்கதாங்க டொக்டரு. முழுங்குறது நான்."

பதுளையில பாதி வெலைக்கு மருந்து கெடைக்கிது, கால் வெலைக்கும் கெடைக்கிது, ஆனா சும்மா குடுக்க வேண்டிய ரெண்டு வார்த்த வெளக்கம் மட்டும், அதுல லாபம் இல்லாததாலயோ என்னமோ, என்னையும் சேத்து எந்தக் கவுண்டர்லயும் ஸ்டொக் இல்லங்க.