ஊசி போடச் சம்மதிக்கும் சாமி

எங்கள் தொழிலில் குணமாகி வீட்டுக்குப் போகிற நோயாளி கிடையாது. எல்லாரும் ஏற்கெனவே வீட்டில்தான் இருக்கிறார்கள். 'இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று ஆஸ்பத்திரி அனுப்பிவைத்தவர்களின் வலியையும் புண்ணையும் கவனிக்க, ஒரு சின்னத் தொண்டு அமைப்பின் சார்பில் நெய்வேலியில் பிளாக் பிளாக்காக ஸ்கூட்டரில் சுற்றும் ஆண் நர்ஸ் நான். எல்லாருக்கும் 'பிரதர்'. வீட்டில் ஒருவரைப் படுக்கையில் வைத்துக்கொண்டு, அவர் கண்ணயரும் அரை மணி நேரத்தில் இதைப் படிக்கிறவர்களே, நீங்கள் என் கட்சி. உங்களுக்குத்தான் சொல்கிறேன்.

மதம் மாறத் தயார்

கதிர்வேல் சார் சுரங்கத்தில் மண் அள்ளும் பெரிய இயந்திரம் ஓட்டி ஓய்வு பெற்றவர். புற்றுநோய் எலும்பு வரைக்கும் பரவி, மகன் செல்வத்தின் குவார்ட்டர்ஸில் படுத்திருந்தார். செல்வமும் சுரங்கத்தில்தான், பெர்மனென்ட். டாக்டர் வலிக்கு மார்பின் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். அப்படியும் முனகல் நிற்கவில்லை.

வாரா வாரம் என்னைப் பார்த்ததும் அவர் சொல்லும் முதல் வார்த்தை, "ஒரு ஊசி போட்டு அனுப்பி வுட்டுடு." சட்டத்தில் இடமில்லை, என் பையில் அப்படிப்பட்ட ஊசியும் இல்லை என்பேன். இந்தப் பிறவியில் அனுபவிக்க வேண்டியதை விட்டுவிட்டுப் போனால் அடுத்த பிறவியிலும் தொடரும் என்று அவர் மனைவி வள்ளியம்மை கண்ணைத் துடைத்துக்கொள்வார். ஒருநாள் மனுஷருக்குப் பொறுக்கவில்லை.

"நீ வூடு வூடா போற ஆளுதானே பிரதர்? எந்தச் சாமி இதுக்கு ஒத்துக்கும்னு கேட்டுகினு வா. நான் அந்தச் சாமிக்கே மாறிக்கிறேன்."

அமானிதம்

விளையாட்டாகத்தான் கேட்க ஆரம்பித்தேன். முதலில் ஹனீபா பாய். தையல் கடை வைத்திருப்பவர். பக்கவாதத்தில் விழுந்த மனைவியை இரண்டு வருஷமாகக் குழந்தை மாதிரி பார்த்துக்கொள்கிறார். அந்த அம்மாவின் முதுகுப் புண்ணுக்குக் கட்டுப் போட்டபடியே கேட்டேன். பாய் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் டீயை ஆற்றி என் பக்கம் வைத்துவிட்டு நிதானமாகப் பதில் சொன்னார்.

"உசுரு அமானிதம் பிரதர், நம்மகிட்ட நம்பிக் கொடுத்து வச்சது. கொடுத்தவன் கேக்குறதுக்கு முன்னாடி நாமளா கொண்டுபோய் நீட்டக் கூடாது. ஆனா வலிக்கு மருந்து கொடுக்காதேன்னு யாரும் சொல்லலையே."

துபாய் போன்

அடுத்தது ஸ்டெல்லா டீச்சர். அவர் கணவருக்கு நுரையீரல் முழுக்கப் போய்விட்டது. துபாயில் இருக்கும் மகன் தினமும் போன் செய்து, "ஐ.சி.யூ.ல சேருங்க, மெஷின் வைங்க" என்று சத்தம் போடுவான். தூரத்தில் இருக்கும் பிள்ளையின் பாசம் அப்படித்தான் சத்தம் போடும், உங்களுக்கும் தெரிந்திருக்கும். டீச்சர் பங்குச் சாமியாரிடம் போய்க் கேட்டிருக்கிறார். உயிரை எடுப்பது பாவம், ஆனால் பலனில்லை என்று தெரிந்த பிறகு மெஷினில் கட்டிப் போட வேண்டிய கட்டாயமும் இல்லை என்று அவர் விளக்கி, வீட்டுக்கே வந்து, நோயாளிக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கும் நோயில்பூசுதலும் கொடுத்துவிட்டுப் போனாராம். அன்று நான் இருக்கும்போதே மகனின் போன் வந்தது. டீச்சர் குரலை உயர்த்தவே இல்லை.

"ரெண்டு கையிலயும் ஊசியைக் குத்தி வச்சா, அப்பா ஜெபமாலையை எதுல பிடிப்பாருடா?"

சம்மதம் கிடைத்தது

மூன்றாவது வீட்டில்தான் எனக்கு அதிர்ஷ்டம். ஜினதாஸ் நயினார் திண்டிவனம் பக்கத்துத் தமிழ்ச் சமணர். அவருடைய பெரியம்மா சல்லேகனை நோன்பிருந்து உயிர் விட்டவர். உணவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, கடைசியில் தண்ணீரையும் விட்டு, அமைதியாகப் போனாராம். முனிவரின் அனுமதி வேண்டும். வலிக்குப் பயந்தோ வெறுப்பிலோ செய்யக் கூடாது. ஆசை, கோபம், பகை எதுவும் மனதில் இருக்கக் கூடாது. எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டும். இது தற்கொலையே இல்லை என்று நயினார் அழுத்திச் சொன்னார்.

நேராகக் கதிர்வேல் சாரிடம் போய், நிபந்தனைகளோடு ஒப்பித்தேன். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டே முழுசாகக் கேட்டார்.

"கோவம், ஆசை எல்லாத்தையும் வுட்டாத்தான் ஆவும்னா, அதுக்கு நான் இன்னும் இருவது வருசம் உசுரோட இருக்கணுமே பிரதர்."

ஷிப்டுக்கு ஒன்று

சிரித்துக்கொண்டே ஜன்னலோரம் இருந்த மாத்திரை அட்டையை எடுத்தேன். சிரிப்பு நின்றுவிட்டது. நாலு மணி நேரத்துக்கு ஒன்று கொடுக்க வேண்டிய மாத்திரையில் பாதி அப்படியே இருந்தது. செல்வம் காலை ஆறு, மதியம் இரண்டு, இரவு பத்து என்று ஷிப்டு மாறும் நேரத்துக்கு ஒன்றாக, நாளைக்கு மூன்றே மூன்று கொடுத்திருக்கிறான். அவன் வேலைக்குப் போயிருந்தால் அம்மா கொடுப்பார். ஒரு வேளை தவறியதில்லை. ஒவ்வொரு மாத்திரைக்கும் அப்புறம் பாதி நேரம் அந்த மனுஷர் வெறும் வலியில் கிடந்திருக்கிறார்.

அன்று வீட்டில் இருந்த செல்வத்தைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. வாரா வாரம் அட்டையை எண்ணிப் பார்க்க வேண்டியது என் வேலை. நான் மத ஆராய்ச்சியில் இருந்தேன். வெட்கமாக இருந்தது. ஏன் இப்படி என்று மட்டும் கேட்டேன்.

"ஒரு ஆளு எறங்கினப்புறம்தானே பிரதர் அடுத்த ஆளு மெஷின்ல ஏறணும்? ரெண்டு மாத்திரை ஒண்ணா உள்ள நின்னா அப்பாவைக் கொன்னுடாதா?"

பலாப்பழம்

டாக்டரைப் போனில் பிடித்துச் செல்வத்திடமே பேசவைத்தேன். சொன்ன அளவில், சொன்ன நேரத்துக்குக் கொடுத்தால் இந்த மருந்து ஆளைக் கொல்லாது, வலியைத்தான் அடக்கும் என்று அவர் பொறுமையாக விளக்கினார். செல்வம் ஆறு வேளைக்கும் போனில் அலாரம் வைத்தான். வள்ளியம்மையும் அடுத்த பிறவியைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார்.

அடுத்த வாரம் போனபோது கதிர்வேல் சார் முகச்சவரம் செய்து, தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வழக்கமான முதல் வார்த்தைக்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை. நானே வாய்விட்டு ஊசியை ஞாபகப்படுத்தினேன். அவர் கையால் தள்ளிவிட்டார்.

"மதம் மாறுறதைக் கொஞ்சம் நிறுத்தி வை பிரதர். காடாம்புலியூர்லருந்து பலாப்பழம் வருது. ரெண்டு சுளை துன்னுட்டுப் பேசலாம்."

இரண்டு மணி

அதற்கப்புறம் இரண்டரை மாதம் இருந்தார். ஒரு மதியம் இரண்டு மணி மாத்திரையைச் செல்வம் தன் கையால் கொடுத்திருக்கிறான். கால் மணி நேரத்தில், தூக்கத்திலேயே மூச்சு நின்றுவிட்டது. நான் போனபோது செல்வம் அட்டையைக் கையில் பிடித்தபடி சுவரோரம் உட்கார்ந்திருந்தான். "நான் கொடுத்ததாலயா பிரதர்?" என்றான். இல்லை, நோய்தான் என்று நான் எத்தனை தடவை சொல்லியும் அவன் தலை நிமிரவில்லை. அழுதுகொண்டிருந்த வள்ளியம்மை எழுந்து வந்து அட்டையை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். அந்தச் சமயத்தில் என் படிப்பால் முடியாததை அவர் செய்தார். இன்றைக்கும் அவருக்கு மனசுக்குள் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

"ஊசி போடு, ஊசி போடுன்னு கெஞ்சிகினு கெடந்த மனுசன்டா. இன்னிக்கு உன்கிட்ட என்னா கேட்டாரு? தலகாணியைக் கொஞ்சம் தூக்கி வையின்னாரு. அவ்ளோதானே கேட்டாரு?"

இப்போதும் யாராவது ஊசி கேட்டால் எல்லாச் சாமிகளின் கருத்தையும் சொல்ல நான் தயார்தான், ஆனால் முதலில் மாத்திரை அட்டையை வாங்கி எண்ணிவிடுகிறேன்.