சீசியம் போத்தல்

நம்பாதவர்கள் நம்பவே வேண்டாம். நான் ஸக்கியா. விஞ்ஞானம் படித்தவள். பேய் என்றால் வாய்விட்டுச் சிரித்தவள். 2008 மார்ச், ஒரு செவ்வாய்க்கிழமை, பட்டப்பகலில் எனக்கு நடந்தது இது.

கண்டிக்கு வெளியே ஓர் ஆய்வுகூடத்தில் நானும் யோகேந்திரன் அண்ணாவும் வேலை செய்தோம். அவர் யாழ்ப்பாணத்தவர். மின்சாரம் தரும் எரிபொருள் கலத்தின் கறுப்புப் படலத்துக்குள், கரித்துகள்களுக்கு நடுவே பொலிமர் எப்படிப் பரவியிருக்கிறது என்பதே எங்கள் ஆராய்ச்சி. இலத்திரன் நுணுக்குக்காட்டியில் இரண்டும் ஒரே சாம்பல் நிறம். படலத்தை மெல்லிசாகச் சீவி, இரவு முழுக்கச் சீசியக் கரைசலில் ஊறப்போட்டால் பொலிமர் மட்டும் கறுத்துத் தெரியும்.

அந்தப் படம் செவ்வாய் மாலை ஐந்து மணிக்குள் ஜேர்மனிக்குப் போனால் அண்ணாவுக்கு அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி இடம். ரவுண்டப் என்று சுற்றிவளைப்பதும், வெள்ளை வானில் தமிழரைக் கடத்துவதுமாக இருந்த காலம். அவர் உயிர் தப்ப அதுதான் வழி.

திங்கள் இரவு போன் எடுத்தார்.

"சீவலை ஊறப்போட்டிட்டீங்களோ?"

"போட்டுட்டேன் அண்ணா."

பொய். மறந்துபோயிருந்தேன். விடிந்ததும் போய்ச் சமாளிக்கலாம் என்று நினைத்தேன். ஆனால் காலையில் சோதனைச் சாவடியில் பஸ்ஸை மணிக்கணக்கில் மறித்துவிட்டார்கள். போய்ச் சேர 2.50. அண்ணாவும் வந்திருக்கவில்லை.

3.10. ஜன்னல் இல்லாத நுணுக்குக்காட்டி அறை. ஊறாத சீவலையே வைத்துப் பார்த்தேன். எல்லாம் சாம்பல். என்னை நானே திட்டிக்கொண்டு அழுதேன்.

3.25. பக்கத்து அறையில்...

சொட். சொட். சொட்.

நின்றது. மறுபடி மூன்று. மறுபடி மூன்று.

ஊறிய சீவலை அண்ணா அப்படித்தான் கழுவுவார். மும்மூன்றாக, ஒன்பது சொட்டு.

"அண்ணா, வந்துட்டீங்களா?"

"ஓம், வந்திட்டன்."

அவர் குரல்தான். ஆனால்... மிகத் தூரத்தில்.

ஓடினேன். யாருமில்லை.

வடிதாளில் ஒரு சீவல். ஈரம். சுற்றிலும் துரு நிறத்தில் ஒரு வட்டம்.

அதை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தேன்.

பொலிமர்... கன்னங்கரேலென்று.

4.50க்குப் படத்தை அனுப்பினேன். பிறகுதான் எங்களிடமிருந்த ஒரே சீசியம் போத்தலைக் கவனித்தேன்.

சீல் உடைக்கப்படவே இல்லை.

அன்றிரவு அண்ணாவின் தங்கை லீலாதேவி போனில் கதறினாள். காலை 6.30க்கு, கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில், அவரை வெள்ளை வானில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்களாம். இன்றுவரை அவர் திரும்பவில்லை.

ஜேர்மனியில் அவருக்கு இடம் கிடைத்தது. அந்தச் சீவலையும் கேட்டார்கள், தபாலில் அனுப்பினேன். ஒரு மாதத்தில் பதில் வந்தது.

"சீசியம் என்று எழுதியிருக்கிறீர்கள். இதில் சீசியமே இல்லை. இரும்பும் உப்பும்தான் இருக்கின்றன. எதில் ஊறவைத்தீர்கள்?"

இரும்பும் உப்பும். இரத்தத்தில் இருப்பவை.